வாலில் தொடங்கிப் பல்லில் முடிப்பது: குதிரைக் குடும்பத்தை இனம்காணப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குதிரை, கழுதை, வரிக்குதிரை மூன்றையும் மூன்று வயதுக் குழந்தையே பிரித்துச் சொல்லிவிடும். சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான். படத்தில் இருப்பது எந்த வரிக்குதிரை? கச் பாலையில் கானலுக்கு நடுவே நிற்பது காட்டுக்கழுதையா, பக்கத்து ஊர்க்காரர் அவிழ்த்துவிட்ட கழுதையா? அருங்காட்சியகத்தில் நாய் உயரத்துக்கு ஓர் எலும்புக்கூட்டை நிறுத்தி ‘ஆதிக் குதிரை’ என்று எழுதியிருக்கிறார்கள். எதை வைத்து அதைக் குதிரை என்கிறார்கள்?

இதற்கெல்லாம் ஒரே பழக்கம் போதும்: நிறத்தைக் கடைசியில் பாருங்கள். நிறம் பருவத்துக்குப் பருவம் மாறும், மண்ணில் புரண்டால் மாறும், மாலை வெயிலில் மாறும். வால், கால், காது, பல் அப்படி மாறாது. அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டியும் போகிறது. முதல் பாதி உயிரோடிருக்கும் விலங்குகளுக்கு, மறுபாதி எலும்புக்கும் பல்லுக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: 8×42 அளவுப் பைனாகுலர், ஒரு குறிப்பேடு, 15 செ.மீ. ஸ்கேல். இவற்றைவிட முக்கியம், மனிதருக்குப் பழகிய ஒரு குதிரையும் அதைப் பிடித்துக்கொள்ள அதன் உரிமையாளரும். எலும்பு பற்றிய பாடத்தில் பாதியை அந்தக் குதிரையின் காலைத் தடவியே கற்றுக்கொள்ளலாம்.

படி 1: பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள், சின்னதுதான்

இன்று உயிரோடிருக்கும் குதிரைக் குடும்பம் முழுவதும் ஈக்வஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் அடங்கிவிடும். பொதுவாக ஏழு இனம் என்று கணக்கு. குதிரை (வீட்டுக் குதிரையும் மங்கோலியாவின் பிரஷெவால்ஸ்கி குதிரையும் இதற்குள் வரும், சிலர் பிரஷெவால்ஸ்கியைத் தனி இனமாக எண்ணி எட்டு என்பார்கள்). ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதை, அதிலிருந்து வந்த நம் ஊர்க்கழுதை. ஆசியக் காட்டுக்கழுதை, கச் பகுதியின் குர் இதன் ஒரு கிளை. திபெத்தியப் பீடபூமியின் கியாங். பிறகு மூன்று வரிக்குதிரைகள்: சமவெளி, மலை, கிரேவி.

‘வரிக்குதிரை’ என்ற பெயரைப் பார்த்து அது கழுதையைவிடக் குதிரைக்கு நெருக்கம் என்று நினைக்க வேண்டாம். மரபணுக் கணக்கில் வரிக்குதிரைகளும் கழுதைகளும் ஒரு கிளை, குதிரை மறு கிளை. அடுத்து வரும் அடையாளங்களில் கழுதையும் வரிக்குதிரையும் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் விழுவதைப் பார்ப்பீர்கள்.

படி 2: வாலும் பிடரியும்

பைனாகுலரில் முதலில் வாலைப் பிடியுங்கள். வீட்டுக் குதிரைக்கு வாலின் அடியிலிருந்தே நீண்ட மயிர் தொங்கும். கழுதைக்கும் வரிக்குதிரைக்கும் மாட்டு வால் போல மேலே குட்டை மயிர், நுனியில் மட்டும் குஞ்சம். பிரஷெவால்ஸ்கி இரண்டுக்கும் நடுவில்: மேல்பகுதியில் குட்டை மயிர், கீழே நீண்ட மயிர்.

அடுத்து பிடரி. சரிந்து கழுத்தில் விழுந்தால், நெற்றியில் முன்மயிர் இருந்தால் அது வீட்டுக் குதிரை. குத்திட்டு நின்று நெற்றி வெறுமையாக இருந்தால் மற்றவற்றில் ஒன்று. பிடரியைக் கத்தரித்து நிற்கவைத்த வீட்டுக் குதிரைகளும் உண்டு, நார்வேயின் ஃபியோர்டு குதிரை அதற்குப் பேர்போனது. அதனால் பிடரியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

படி 3: காலின் உள்பக்கம்

பெரும்பாலோர் பார்க்காமல் விடும் இடம் இது. முன்காலின் உள்பக்கத்தில், ‘முட்டி’க்குச் சற்று மேலே, மயிரில்லாத கொம்பு போன்ற ஒரு காய்ப்பு இருக்கும். குதிரைக்குப் பின்காலிலும் உண்டு, அங்கே கணுவுக்குக் கீழே இருக்கும். கழுதைக்கும் வரிக்குதிரைக்கும் முன்காலில் மட்டும். நான்கு காலிலும் காய்ப்பு இருந்தால் குதிரை, முன்னிரண்டில் மட்டும் என்றால் கழுதை அல்லது வரிக்குதிரை.

விதிவிலக்கு: ஐஸ்லாந்துக் குதிரை போன்ற சில வீட்டுக் குதிரை வகைகளில் பின்காலில் காய்ப்பு சிறுத்தோ இல்லாமலோ போகலாம். ஆகவே ‘பின்காலில் இருக்கிறது’ என்பது உறுதியான சான்று, ‘பின்காலில் இல்லை’ என்பது பாதிச் சான்று. இந்தக் காய்ப்பைப் பழைய விரலின் மிச்சம் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. விரலின் உண்மையான மிச்சம் வேறிடத்தில் இருக்கிறது, படி 7-இல் தொட்டே பார்க்கலாம்.

படி 4: வரிக்குதிரை என்றால் வயிற்றைப் பாருங்கள்

மூன்றையும் பிரிக்க முதுகுப்பக்க வரிகளை எண்ணிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. வயிறு, பிட்டம், காது என்று மூன்று இடம் போதும்.

சமவெளி வரிக்குதிரையின் வரிகள் அகலமானவை, வயிற்றின் அடிவரை இறங்கிச் சுற்றும். தெற்கு ஆப்பிரிக்காவில் இருப்பவற்றில் கறுப்பு வரிகளுக்கு இடையே மங்கலான பழுப்பு நிழல் வரியும் ஓடும். படங்களில் பத்துக்கு ஒன்பது இதுதான்.

கிரேவியின் வரிகள் நெருக்கமாக, நூல் பிடித்துக் கோடு போட்டது போல இருக்கும். வயிறு வெள்ளை, வாலடியைச் சுற்றியும் வெள்ளை. காது பெரிது, நுனி வட்டம். தூரத்தில் கழுதைக்குக் கரண்டிக் காது வைத்தது போலத் தெரியும். வடக்குக் கென்யாவும் தெற்கு எத்தியோப்பியாவும்தான் இதன் இருப்பிடம். சினைக்காலம் ஏறத்தாழ 13 மாதம், குதிரைக்கு 11.

மலை வரிக்குதிரைக்குத் தொண்டையின் கீழே ஒரு தோல் மடிப்பு தொங்கும், மற்ற இரண்டுக்கும் அது இல்லை. பிட்டத்தின் மேல்பகுதியில், வாலுக்குச் சற்று முன்னால், குறுக்குக் கோடுகள் இரும்புக் கம்பி அடுப்பு போலப் படிந்திருக்கும். வயிறு வெள்ளை. நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அங்கோலாவின் தென்மேற்கு மூலையிலும் மட்டுமே.

புதியவர்கள் செய்யும் தவறு, மங்கிய வரியோ அரைகுறை வரியோ தெரிந்தால் ‘குவாகா’ என்று எழுதிவிடுவது. குவாகா சமவெளி வரிக்குதிரையின் தென்கோடிக் கிளை; முன்னுடலில் மட்டும் வரி, பின்னுடல் வெறும் பழுப்பு. கடைசிக் குவாகா 1883 ஆகஸ்ட் 12 அன்று ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சி சாலையில் செத்துப்போனது. அழிந்துபோன விலங்கொன்றின் டி.என்.ஏ.வை முதன்முதலில் வாசித்ததும் குவாகாவின் பதப்படுத்திய தோலிலிருந்துதான், 1984-இல். இன்று தென்னாப்பிரிக்காவில் காணும் ‘குவாகா’ அதே சாயலுக்காகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்த சமவெளி வரிக்குதிரை.

வரி எதற்கு என்று யாராவது கேட்டால் ஒளிந்துகொள்ள என்று சொல்லிவிடாதீர்கள். இப்போதைக்கு வலுவான விளக்கம் கடிக்கும் ஈக்கள். 2019-இல் வெளியான சோதனையில் குதிரைகளுக்கு வரிபோட்ட துணியைப் போர்த்திப் பார்த்தார்கள். ஈக்கள் கிட்டே வந்தன, ஆனால் வரியின்மேல் சரியாக இறங்கி உட்கார முடியாமல் தடுமாறின.

படி 5: வரியில்லாத கழுதைகள்

நம் நாட்டில் நேரில் பார்க்கக்கூடியவை இரண்டு.

குர் குஜராத்தின் சிறிய கச் பாலையில் வாழ்கிறது. மணல் நிறம், வயிறும் பிட்டமும் வெள்ளை. முதுகின் நடுவே கரும்பழுப்புப் பட்டை வால்வரை ஓடும், அதன் இரு ஓரத்திலும் வெள்ளைக் கரை. அந்தக் கரையைத் தேடுங்கள். ஊர்க்கழுதைக்கு அது இருக்காது. அதற்குப் பதில் தோளில் குறுக்கே ஒரு கோடு இறங்கி முதுகுக் கோட்டோடு சிலுவை போலச் சேரும், உடம்பும் பெரும்பாலும் சாம்பல் நிறம். பகல் பத்து மணிக்கு மேல் கானல் எழும்பினால் இந்தக் கோடுகள் எதுவும் தெரியாது. காலையில் போய்விடுங்கள். மழைக்காலத்தில் பாலை நீரில் மூழ்கிவிடும் என்பதால் சரணாலயம் மூடியிருக்கும், குளிர்காலம்தான் வசதி. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோய்களால் சில நூறாகச் சுருங்கிய இந்தக் கூட்டம், 2024 கணக்கெடுப்பில் 7,672.

கியாங் லடாக்கில், ஹான்லே, த்சோ கர் பக்கம் 4,000 மீட்டருக்கு மேல் திரியும். காட்டுக்கழுதைகளில் இதுதான் பெரிது, தோள் உயரம் 140 செ.மீ. வரை. செம்பழுப்பு நிறம், குளிர்காலத்தில் இன்னும் கறுத்துத் தடிக்கும். வெள்ளை வயிற்றுக்கும் பழுப்பு விலாவுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போன்ற எல்லை. ஜீப்பை விட்டு இறங்கித் துரத்தாதீர்கள். அந்த உயரத்தில் அதற்கு மூச்சு வாங்காது, உங்களுக்கு வாங்கும்.

மூன்றாவதான ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதை எரித்திரியா, எத்தியோப்பியாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் சில நூறுதான் மிஞ்சியிருக்கிறது. சோமாலியக் கிளைக்குக் காலில் வரிக்குதிரை போல் கறுப்பு வளையங்கள், நூபியக் கிளைக்குத் தோள் சிலுவை. நம் தெருக்கழுதை சுமக்கும் சிலுவை அங்கிருந்து வந்த சொத்து.

நிறம் குழப்பினால் கூட்டத்தைக் கவனியுங்கள். ஒரு கிடா, சில பெட்டைகள், குட்டிகள் என்று ஒட்டிக்கொண்டே திரிந்தால் அது குதிரை, சமவெளி வரிக்குதிரை, மலை வரிக்குதிரை ஆகியவற்றின் குடும்ப முறை. ஒரு கிடா தன் நிலத்தைப் பிடித்துக்கொண்டு தனியே நிற்க, பெட்டைகள் இன்று ஒரு கூட்டம் நாளை வேறு கூட்டம் என்று வந்து போனால் அது கிரேவியும் காட்டுக்கழுதைகளும் வாழும் முறை.

படி 6: ‘காட்டுக்குதிரை’ என்ற சொல்லில் ஒரு பொறி

கொடியக்கரையில் திரியும் குதிரைகளும், யாழ்ப்பாணத்து நெடுந்தீவின் மட்டக்குதிரைகளும், அமெரிக்காவின் மஸ்டாங்கும், ஆஸ்திரேலியாவின் பிரம்பியும் காட்டுவிலங்குகள் இல்லை. அவற்றின் முன்னோர் லாயத்தில் இருந்தவை. விடுபட்டுத் தாமாகப் பெருகியவை. மன்னாரின் கழுதைகளும் அப்படியே. இவற்றைக் குறிப்பேட்டில் எழுதும்போது ‘கட்டவிழ்ந்த வளர்ப்புக் குதிரை’ என்று எழுதுங்கள்.

உண்மையான காட்டுக்குதிரை என்று பேர் சொல்ல மிஞ்சியிருப்பது பிரஷெவால்ஸ்கி, மங்கோலியர் மொழியில் தாகி. குட்டையான உடல், தடித்த கழுத்து, குத்திட்ட பிடரி, மாவு பூசியது போன்ற வெளிறிய மூக்கு. 1969-க்குப் பிறகு காட்டில் யாரும் பார்க்கவில்லை. காட்சிசாலைகளில் ஒரு டஜனை ஒட்டிய முன்னோர்களின் வழித்தோன்றல்கள் மட்டுமே எஞ்சியிருக்க, 1992 முதல் மங்கோலியாவுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். இதுவும் ‘சுத்தக் காடு’தானா என்பதில் 2018-இல் ஒரு சர்ச்சை கிளம்பியது. கஜகஸ்தானின் போட்டாயில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் வைத்திருந்த குதிரைகளின் மரபணு, இதனோடு நெருங்கி ஒத்துப்போனதுதான் காரணம். வீட்டுக் குதிரையின் தாய்வீடு வேறு. 2021-இல் வெளியான பழைய மரபணு ஆய்வு அதை ரஷ்யாவின் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதியில் வைக்கிறது, அங்கிருந்து பொ.ஆ.மு. 2200-ஐ ஒட்டிப் பரவத் தொடங்கியது.

குரோமோசோம் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள், வாதத்தில் உதவும்: பிரஷெவால்ஸ்கி 66, வீட்டுக் குதிரை 64, கழுதை 62, கிரேவி 46, சமவெளி 44, மலை வரிக்குதிரை 32. பெண்குதிரைக்கும் ஆண்கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அந்த ஒற்றைப்படையில் இனச்செல் உருவாகும்போது ஜோடி சேராமல் போவதால் அது மலடு. மிக அரிதாகவே பெண் கோவேறு கழுதை ஈன்றிருக்கிறது. ஆனால் எண் வேறுபட்டாலே மலடு என்று விதி எழுதிவிடாதீர்கள். பிரஷெவால்ஸ்கிக்கும் வீட்டுக் குதிரைக்கும் பிறக்கும் குட்டிக்கு 65, அது நன்றாகவே இனப்பெருக்கம் செய்யும்.

படி 7: உயிருள்ள குதிரையில் புதைபடிவத்தைத் தொடுவது

இங்கிருந்து நேரம் எடுத்துச் செய்யுங்கள். உரிமையாளர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். இடது தோள்பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே, அது பார்க்கும்படி நடந்து போங்கள். நேர் பின்னாலிருந்தும் நேர் முன்னாலிருந்தும் வேண்டாம், அந்த இரண்டு இடமும் அதற்குச் சரியாகத் தெரியாது. தோளில் கை வைத்து, கையை எடுக்காமல் முன்காலின் வழியே கீழே இறக்குங்கள். குனியலாம், மண்டியிட்டு உட்காரக் கூடாது. அது நகர்ந்தால் உங்களால் விலக முடியாது.

நாம் முன்காலின் ‘முட்டி’ என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே ஒரே நீள எலும்பு, நம் உள்ளங்கையில் நடுவிரலைத் தாங்கும் எலும்புக்கு இணையானது. குளம்பு அந்த நடுவிரலின் நகம். குதிரை நின்றுகொண்டிருப்பது நான்கு நடுவிரல் நுனிகளில்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்த நீள எலும்பின் பின்பக்கம் இரு ஓரத்திலும் வைத்து, முட்டிக்குக் கீழிருந்து மெல்ல இறக்குங்கள். பென்சில் போல ஒல்லியாக இரண்டு எலும்புகள் தட்டுப்படும். மேலே தடித்து, கீழே போகப் போக மெலிந்து, மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் சின்னக் குமிழாக முடியும். இவை சிம்பு எலும்புகள், ஆள்காட்டி விரலுக்கும் மோதிர விரலுக்கும் உரிய எலும்புகளின் மிச்சம். மூன்று விரல் குதிரைகளில் இவற்றின் நுனியில்தான் பக்க விரல்கள் தொங்கின.

மிச்சம் என்றாலும் சும்மா இருக்கும் எலும்பு இல்லை. முட்டியின் எடையில் ஒரு பங்கு உள்பக்கச் சிம்பின்மேல் இறங்குகிறது. இளங்குதிரையைக் கெட்டித் தரையில் அதிகம் ஓட்டினால், சிம்பையும் நடு எலும்பையும் கட்டும் நார் வீங்கி, சூடாகி, பிறகு அந்த இடத்தில் எலும்புக் கட்டியாக இறுகிவிடும். முன்காலின் உள்பக்கத்தில் நெல்லிக்காய் போல ஒரு மேடு தட்டுப்பட்டால் பெரும்பாலும் அதுதான். தொட்டதும் சூடும் வலியும் இருந்தால் புதியது, குதிரைக்கு ஓய்வும் கால்நடை மருத்துவரும் தேவை. குளிர்ந்து இறுகியிருந்தால் பழையது.

படி 8: பல்லைப் பார்ப்பது

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் உதட்டைப் பிரித்துப் பார்க்கும் கைகளை வரிசையாகக் காணலாம். அங்கே நிற்கும் கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகளைக் காது நுனி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்ப்பதை வைத்தே அறியலாம். நீங்கள் பல்லுக்குப் போங்கள்.

பக்கவாட்டில் நின்று, மேலுதட்டையும் கீழுதட்டையும் இரு கட்டைவிரலால் பிரியுங்கள். விரலைப் பற்களுக்கு நடுவே விடாதீர்கள். வெட்டுப்பல் மேலே ஆறு, கீழே ஆறு. பால்பல் சிறியது, வெள்ளை, ஈறோரத்தில் கழுத்து போல ஒடுங்கும். நிலைப்பல் பெரிது, மஞ்சள், ஒடுக்கம் இல்லை.

நடு ஜோடி நிலைப்பல் இரண்டரை வயதில், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில் முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறையும். அதன்பின் தேய்மானத்தைப் படிக்க வேண்டும். கீழ்ப்பல்லின் மேல்பரப்பில் கறுத்த குழி இருக்கும். நடு ஜோடியில் 6 வயதில், அடுத்ததில் 7-இல், ஓரத்தில் 8-இல் மறையும். 10 வயதில் மேல் ஓரப்பல்லின் வெளிப்பக்கம் ஈறோரத்தில் ஒரு பழுப்புக் கோடு தோன்றும், 15-இல் பாதிப் பல்வரை இறங்கும், 20-இல் முழுப்பல்லுக்கும் வரும். இது கால்வெய்ன் கோடு. பத்துக்கு மேல் சொல்லும் எந்த வயதும் உத்தேசம்தான், மணல் தரை மேய்ச்சலில் பல் முன்னதாகவே தேயும். கழுதையில் குழிகள் தாமதமாக மறையும் என்பதால் குதிரைக் கணக்கை அப்படியே அதன்மேல் போட்டால் உண்மை வயதைக் குறைத்துச் சொல்லிவிடுவீர்கள்.

ஒரு பழைய மோசடியும் உண்டு. கிழக்குதிரையின் தேய்ந்த பல்லில் துளையிட்டு, கருக்கி, இளமைக் குழி போலக் காட்டுவது. உண்மைக் குழியைச் சுற்றி எனாமலின் வெள்ளை வளையம் சற்றுத் தூக்கி நிற்கும். போலிக் குழிக்கு அந்த வளையம் இருக்காது. கூடவே பக்கவாட்டில் பாருங்கள்: இளங்குதிரையின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஏறத்தாழ நேராகச் சந்திக்கும், வயதாக ஆக முன்னே துருத்திக் கூர்கோணமாகும். அதைத் துளையிட்டு மாற்ற முடியாது.

கடைவாய்ப் பல்லை உரிமையாளரே காட்டாவிட்டால் விட்டுவிடுங்கள், ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். இளங்குதிரையின் கடைவாய்ப் பல் 7, 8 செ.மீ. உயரம், பெரும்பகுதி தாடைக்குள் புதைந்திருக்கும். ஆண்டுக்கு 2 முதல் 3 மி.மீ. தேய, அதே அளவு கீழிருந்து மேலேறும். வகுத்துப் பார்த்தால் ஒரு குதிரையின் ஆயுள் கிடைக்கும். புல்லில் இருக்கும் சிலிக்காவும் அதில் ஒட்டிய மண்ணும் அரைத்து அரைத்துத் தீர்க்கும் பல்லுக்கு, உயரத்தைக் கூட்டிக்கொண்டதுதான் இந்தக் குடும்பம் கண்ட வழி.

படி 9: அருங்காட்சியகத்தில் நான்கு கேள்விகள்

எலும்புக்கூட்டின் முன்னால் நின்று இந்த வரிசையில் கேளுங்கள். முன்காலில் எத்தனை விரல்? பல் கட்டையா, உயரமா? கண்குழிக்குப் பின்னால் எலும்பு வளையம் மூடியிருக்கிறதா? கடைவாய்ப் பல்வரிசை கண்ணுக்குக் கீழேயா, அதற்கு முன்னாலா?

விரல் நான்கு (பின்காலில் மூன்று), பல் கட்டை, கண்குழி பின்னால் திறந்தது, உயரம் சின்ன நாய் அளவு என்றால், ஏறத்தாழ 5.6 முதல் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆதிக் குதிரைகள். பெயர்ப்பலகையில் ஹைராகோதீரியம் என்றிருக்கலாம், இயோஹிப்பஸ் என்றிருக்கலாம். முதல் பெயரை 1841-இல் ரிச்சர்ட் ஓவன் இங்கிலாந்தில் கிடைத்த மண்டையோட்டுக்கு வைத்தார். அதைக் குதிரை என்றே அவர் நினைக்கவில்லை. இரண்டாவதை 1876-இல் ஓ. சி. மார்ஷ் அமெரிக்கப் படிவத்துக்கு வைத்தார். ஓவனின் விலங்கு குதிரையின் பக்கத்து உறவான வேறொரு கூட்டம் என்று இப்போது பிரிக்கிறார்கள். பழைய பலகைகள் மாறவில்லை, குழம்ப வேண்டாம். வயோமிங்கில் கிடைத்த சிஃப்ரிப்பஸ் அதிலும் பழையது: பூமி திடீரெனச் சூடான காலத்தில் இதன் உடல் ஏறத்தாழ 30 சதவீதம் சிறுத்து நான்கு கிலோ அளவுக்கு, ஒரு வீட்டுப் பூனை எடைக்கு வந்தது, குளிர்ந்தபின் மறுபடி பெருத்தது.

விரல் மூன்று, பல் இன்னும் கட்டை, உயரம் ஆட்டளவு என்றால் மீசோஹிப்பஸ் பக்கம், 3.5 கோடி ஆண்டு அளவில். இலை தின்னி. விரல் மூன்று, ஆனால் பல் உயர்ந்து, மடிப்புகளுக்கு நடுவே சிமெண்ட் போன்ற பூச்சு நிறைந்து, கண்குழி வளையமும் மூடியிருந்தால் மெரிகிப்பஸும் அதற்குப் பின்வந்தவையும், 1.7 கோடி ஆண்டுக்குப் பிறகு. கவனியுங்கள்: பல் முதலில் மாறியது, விரல் பிறகு குறைந்தது. இரண்டும் சேர்ந்தே நடந்தது என்பது பாடப்புத்தகப் படம் தரும் பிரமை.

மூன்று விரல் குதிரைகளில் நம் மண்ணுக்கும் வந்தது ஹிப்பாரியன் கூட்டம். வட அமெரிக்காவில் தோன்றி, 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன் அலாஸ்கா வழியாக ஆசியாவுக்குள் நுழைந்து சிவாலிக் மலையடிவாரம் வரை பரவியது. சிவாலிக் படிவங்களைக் கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் காணலாம். மேல் கடைவாய்ப் பல்லின் அரைக்கும் பரப்பில், நாக்கைப் பார்த்த பக்கம் ஓர் எனாமல் வளையம் தனித் தீவாக நின்றால் ஹிப்பாரியன். அதே வளையம் கழுத்து நீட்டித் தீபகற்பமாகப் பல்லோடு சேர்ந்திருந்தால் ஈக்வஸ். நன்றாகத் தேய்ந்துபோன பல்லில் ஹிப்பாரியன் தீவும் கரையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அதிகம் தேயாத பல்லில் பார்ப்பது நல்லது. தான்சானியாவின் லேட்டோலியில் 36 லட்சம் ஆண்டுக்கு முந்தைய எரிமலைச் சாம்பலில், ஆதிமனிதக் காலடிகள் பதிந்த அதே பரப்பில், ஹிப்பாரியன் நடந்த தடமும் இருக்கிறது. ஈரச் சாம்பலில் வழுக்கியபோது பக்க விரல்களும் பதிந்திருக்கின்றன.

ஒற்றை விரலோடு நிற்கும் ஈக்வஸ் வம்சத்துக்கு வயது 40 முதல் 45 லட்சம் ஆண்டு. கனடாவின் யூகானில் உறைமண்ணில் கிடைத்த, 7 லட்சம் ஆண்டுப் பழைய எலும்பின் மரபணுவை 2013-இல் வாசித்துப் போட்ட கணக்கு அது. ஐடஹோவின் ஹேகர்மனில் கிடைத்த குதிரைக்கூட்டம் இந்த வம்சத்தின் தொடக்ககால அங்கம். சுமார் 26 லட்சம் ஆண்டு வாக்கில் ஈக்வஸும் பழைய உலகுக்குக் கடந்து வந்தது, சிவாலிக்கின் மேலடுக்குகளில் அதன் எலும்பு கிடைக்கிறது. பிறந்த மண்ணான அமெரிக்காவிலோ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் குதிரை அற்றுப்போனது. மறுபடி அங்கே குளம்பு பட்டது கொலம்பஸின் 1493 பயணத்தில், கப்பலில்.

வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள்

ஆதிக் குதிரை, மீசோஹிப்பஸ், மெரிகிப்பஸ், ஈக்வஸ் என்று சின்னதிலிருந்து பெரிதாக நான்கு எலும்புக்கூடுகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அது நடந்த கதையின் ஒரு நூல் மட்டுமே. நெப்ராஸ்காவின் ஆஷ்ஃபால் சாம்பல் படுகையில், 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒரே நீர்க்குட்டையில் ஐந்து வகைக் குதிரைகள் சேர்ந்து மடிந்து கிடக்கின்றன. நானிப்பஸ் என்ற மூன்று விரல் குதிரை மான் அளவுக்குச் சிறுத்தே வாழ்ந்தது. சின்னதாக இருக்கிறதே என்று அதைப் பழையது என எழுதினால் தவறு. பல்லைப் பார்த்தால் நல்ல உயரமான புல்தின்னிப் பல்.

இந்தியா என்றால் கம்பேதீரியம் பெயரும் காதில் விழும். குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, சுமார் 5.45 கோடி ஆண்டுப் பழைய விலங்கு. குதிரை, காண்டாமிருகம், டாபிர் (குட்டைத் துதிக்கை கொண்ட, பன்றி போன்ற விலங்கு) மூன்றும் அடங்கிய பெருங்கூட்டத்துக்கு மிக நெருங்கிய உறவு. ‘முதல் குதிரை இந்தியாவில்’ என்று தலைப்பு வந்தால் அதைத் திருத்தி வாசியுங்கள்: குதிரையே அல்ல, அதன் பெரியப்பா வீட்டுக் கிளை.

முதுகெலும்பை வைத்துக் குதிரையா கழுதையா என்று தீர்ப்பவர்களும் உண்டு. இடுப்புப் பகுதி முள்ளெலும்பு குதிரைக்குப் பொதுவாக 6, கழுதைக்கு 5. அரபிக் குதிரைகளிலும் ஐந்தே வருவதுண்டு என்பதால் தனி ஆதாரமாக எடுக்காதீர்கள். கீழ்க் கடைவாய்ப் பல் இருந்தால் அது மேல்: நாக்குப் பக்க மடிப்பு குதிரைக்கு அகன்ற கிண்ணம் போல, கழுதை, வரிக்குதிரைக்குக் கூரிய ஆப்பு போல இருக்கும்.

சிவாலிக் ஓடைக்கரையிலோ வேறெங்கோ இப்படி ஒரு பல் மண்ணிலிருந்து துருத்திக்கொண்டு கண்ணில் பட்டால் பிடுங்காதீர்கள். எந்தப் படுகையில் இருந்தது என்பது தொலைந்தால் அதன் வயதும் தொலைந்துவிடும். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து அரைக்கும் பரப்பு, வெளிப்பக்கம், நாக்குப் பக்கம் என்று மூன்று படம், சற்றுத் தள்ளி நின்று கரையோடு சேர்த்து ஒரு படம் எடுங்கள். அலைபேசியில் இடக்குறியைப் பதிவுசெய்து, அருகிலுள்ள பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கோ அனுப்பிவிடுங்கள்.